காட்டிக்கொடுத்த ஜெபம்

காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லைப் பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி சர்ச்சில் கேட்டு வளர்ந்தவள் நான். வெள்ளிக்காசு வாங்கி ஆண்டவரைப் பிடித்துக்கொடுத்தவனுக்கு மட்டுமே உரிய சொல் என்று நினைத்திருந்தேன். என் கூட்டுக்காரிக்கும் பொருந்தும் என்று போன வருஷம்தான் தெரிந்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரையில் அடங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் பேசி முடித்தபோது மறைக்கச் சொன்னார்கள் வீட்டில். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வரும்போது நானே சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். பயமாகவும் இருந்தது. பாடகர் குழுவில் பத்து வருஷமாக என் பக்கத்தில் நின்று பாடுகிற சிநேகிதி அந்தக் கூட்டுக்காரி. அவளிடம் மட்டும் சொன்னேன். வெளியே மூச்சு விடாதே என்றேன்.

"ஏட்டி, நான் சொல்லுவேனா?" என்றாள்.

புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டம். மாப்பிள்ளையின் சித்தியும் வந்திருந்தார். இவளை ஜெபிக்க அழைத்தார்கள். எல்லாரும் கண்ணை மூடினோம். என் தோளில் கைவைத்து, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட வலிப்பு வியாதியை எடுத்துப்போடும் ஐயா, கல்யாணத்துக்கு முன்னே பூரண சுகம் தாரும்" என்று குரல் தழுதழுக்க வேண்டினாள். எல்லாரும் ஆமென் என்றார்கள். பாழாய்ப்போன பழக்கம், நானும் சொன்னேன். கண்ணைத் திறந்தால் சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை என்னவென்று சொல்ல? உளறல் என்றால் வாய் தவறியிருக்க வேண்டும். இவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கோள் என்றால் மனசில் பகை வேண்டும், அதுவும் இல்லை. மிஞ்சியது அந்தச் சொல்தான். ஒளிந்திருப்பவனை விரலால் காட்டி, தேடுகிறவன் கையில் கொடுப்பது. அப்படித்தான் பிறந்திருக்கும் அது. அதற்குப் பகை வேண்டாம், கூலி வேண்டாம். ஒளிந்த இடம் தெரிந்தால் போதும். சண்டாளி, அந்த இடத்தை நானல்லவா அவளுக்குச் சொன்னேன்!

வெள்ளிக்கிழமை சித்தி அம்மாவுக்கு ஃபோன் செய்தார். "நாங்களும் ஜெபிச்சுப் பாத்தோம். ஆண்டவருக்குச் சித்தம் இல்ல, கேட்டியளா."

மாப்பிள்ளை வேறு கிடைப்பார். நானே சொல்லியிருந்தால் உண்மை சொன்னவள், இப்போது மறைத்தவள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வரவில்லை. அவள் வந்தாள், அழுதுகொண்டே.

"ஒனக்காக ஆண்டவர்ட்டதானே மக்கா கேட்டேன், அது தப்பா?"

"ஆண்டவர்ட்ட கேக்கதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"