பாறைக்குக் கொடுத்த கல்கோனா

எங்கள் சித்தப்பாவின் கல்யாணம் ஒரு பாறையால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எழுபதுகளில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரங்களைக் குளிர வைக்கக் கடல்தண்ணீர் வேண்டுமென்று, கடலுக்கு அடியிலேயே பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். சித்தப்பாவுக்கு அதில் துளை போடும் வேலை. கடப்பாக்கத்தில் அவருக்குப் பெண் பேசியிருந்தோம். தலைக்கு மேல் கடலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று பெண்ணின் அப்பா இழுத்தடித்தார்.

முதலில் பாறை ரொம்பக் கெட்டி, துளைக்கும் கம்பியெல்லாம் மழுங்குகிறது என்று சித்தப்பா அலுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பாறை அழுவுது அண்ணி. தண்ணி வுடுது" என்றார் அம்மாவிடம்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் அழுகினாலும் அழுவுதுதான், கண்ணீர் விட்டாலும் அழுவுதுதான். பாறை உளுத்துப்போய், வெடிப்பு வழியே கடல் ஒழுகுகிறது என்று அவர் சொன்னார். எனக்கோ பாறைமேல் பரிதாபம் பொங்கியது. அத்தனை நாள் குத்தினால் அது அழாமல் என்ன செய்யும்?

என்னிடம் ஒரு கல்கோனா இருந்தது. வாயில் அடக்கினால் பள்ளிக்கூடம் விடும்வரை கரையாத மிட்டாய். பாறைக்கு ஏற்ற தீனி என்று அதைச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். சிரிக்காமல் வாங்கிக்கொண்டார். சில நாளில் குதித்துக்கொண்டு வந்தார்.

"நீ குடுத்தத துன்னுட்டு அழுவறத நிறுத்திடுச்சி!"

வெடிப்புகளில் சிமெண்டுக் கரைசலை அழுத்தி அடைத்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அந்தத் தெம்பில் நாள் குறிக்கக் கடப்பாக்கம் போனோம். "பாறை இரும்பாட்டம் கீது. ஒரு சொட்டு தண்ணி கெடயாது" என்று அப்பா அளந்துகொண்டிருந்தார். நான் சும்மா இருப்பேனா?

"பொய்யி! பாறை தண்ணி தண்ணியா அழுதுச்சி. நான்தான் கல்கோனா குடுத்து நிறுத்துனேன்!"

மானம் கப்பலேறியது. அப்பா என் தொடையைக் கிள்ளினார். பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாப்பா சொல்லுது கொயந்த?"

"ஒழுகுச்சி மாமா, அடச்சிட்டோம்" என்றார் சித்தப்பா. "திரும்ப ஒழுகுனா திரும்ப அடைப்போம்."

அப்போது உள்கதவுக்குப் பின்னால் இருந்து கல்யாணப் பெண் சிரித்தாள்.

"கல்கோனா நெறய வாங்கி வையி பாப்பா. இனிமே நானே டெய்லி குடுத்தனுப்பறேன்."

அவள் அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்துவிட்டு, காலண்டரை எடுத்துவரச் சொன்னார். வீடே சிரித்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "குடுக்க மாட்டேன், அது என் பாறை!" என்று உருண்டு புரண்டு அழுதேன். அவள் கேட்டது பாறையை அல்ல என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.