பூட்டிய பெட்டிக்குள் நூற்று நாலு டிகிரி

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற எண்களில் ஒன்றைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஐசக் வாத்தியாரின் நோட்டில் பென்சிலால் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். அந்த நோட்டில் தேடிப் பார்த்தாலும் பேய் என்ற வார்த்தை கிடையாது. மணி உண்டு, டிகிரி உண்டு, அவ்வளவுதான். பயந்தவன் எழுதியதாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது சந்தேகப்பட்டவன் எழுதியது.

ஐசக்குக்குப் போடிநாயக்கனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் வேலை. வயது முப்பத்தொன்று. கோடை விடுமுறை விட்டால் மற்ற வாத்தியார்கள் மாமனார் வீட்டுக்குப் போவார்கள். இவர் கொடைக்கானலில் சூரியனைப் பார்க்கிற கூடத்துக்குப் போவார். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்கிற இடத்துக்குப் போய் வாசலில் நின்று, யாராவது உள்ளே கூப்பிட மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். "கழுதை கெட்டா குட்டிச்சுவரு, ஐசக் கெட்டா ஆராய்ச்சிப் பண்ணை" என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். அவருக்கு அது கேலியாகவே படவில்லை. ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் தனக்கென்று ஒரு மேசை இருக்க வேண்டும். வாழ்க்கையில் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

1956 மே மாதம் அந்த மேசை அவரைத் தேடி வந்தது.

போடிக்கு மேலே, முந்தல் ஊரைத் தாண்டி ஏறினால் ஏலக்காட்டுச் சரிவில் ஒரு சின்ன ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. அதன் மேனேஜர் பெத்துராஜ் போடியில் இருந்த ஆபீசில்தான் உட்கார்ந்திருப்பார். மேலே வெயிலையும் மழையையும் அளந்து எழுதுவதற்கு ஜக்கையன் என்று ஒரு ஆள். காலை எட்டரைக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் அளக்க வேண்டும். சனிக்கிழமை தோறும் அந்த வாரத் தாளைத் தபால் பையில் போட்டு, சரிவின் அடியில் உள்ள கம்பத்தில் மாட்ட வேண்டும். ஜீப்பு வந்து எடுத்துப் போகும்.

பெத்துராஜ் ஒரு தாளை ஐசக்கின் முன்னால் தள்ளினார்.

"இதப் படிங்க வாத்தியாரே. நீங்களே சொல்லுங்க."

ராத்திரியில் ஏறிய அதிகபட்ச வெப்பம், மறுநாள் காலையில் பார்த்து, அந்தக் காலைத் தேதி போட்டு எழுதியது. மே 8, 104.2. மே 9, 98.6. மே 10, 104.4. மே 11, 98.4. எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு.

ஐசக் சிரித்துவிட்டார். நாலாயிரம் அடி உயரம். பட்டப்பகலிலேயே எழுபத்தாறைத் தாண்டாத இடம். அங்கே ராத்திரியில் நூற்று நாலா?

"பய உள்ளாற இருந்துக்கிட்டே வாய்க்கு வந்தத எழுதுறான். போயி ரெண்டு நாளு இருந்து பாத்து, கள்ளன்னு எழுதிக் குடுங்க. அவனக் கணக்குத் தீத்துருவேன். ஜூன்ல உங்கள உதவி ஆராய்ச்சியாளரா எடுத்துக்கிறேன்."

ஐசக்குக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சந்தோஷம் பாதி, உறுத்தல் பாதி. உறுத்தலுக்குக் காரணம் இருந்தது. ஈஸ்டர் லீவில் அதே பண்ணையைப் பார்க்கப் போனபோது, ஜக்கையனிடம் அவர்தான் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு வந்தார், "அண்ணே, கண்ணு பாத்தத மட்டும் எழுதுங்க. அதுதான் விஞ்ஞானம்" என்று.

மே 17, வியாழக்கிழமை. பகல் 12.40க்கு மேலே போய்ச் சேர்ந்தார்.

ஜக்கையனுக்கு நாற்பது வயதிருக்கும். மனைவி ஆயம்மாள், இரண்டு பெண் குழந்தைகள். ஓடு வேய்ந்த ஒற்றை வீடு. வீட்டுக்கு முன்னால் இருபதடி தள்ளி வெப்பமானிப் பெட்டி. நாலு கால், வெள்ளைப் பெயிண்ட், காற்று நுழைய நாலு பக்கமும் சாய்வுப் பலகை. உள்ளே நாலு வெப்பமானிகள். அதில் உச்ச வெப்பத்தைப் பிடித்து வைக்கிற அதிகபட்சமானி ஏறினால் தானாக இறங்காது. உதறித்தான் இறக்க வேண்டும்.

"இந்த நம்பரெல்லாம் நீங்க எழுதுனதாண்ணே?"

"பாத்ததத்தான் எழுதுனேன் சார். நீங்கதான சொன்னீக?"

"போன வருசத் தாளுல இப்படி இல்லையே?"

ஜக்கையன் தரையைப் பார்த்தார். "போன வருசமும் வந்துச்சு. மே மாசம் வந்தா வரும். எழுவத்தி மூணுன்னு நானாப் போட்டுருவேன். சோலி போயிரும்னு பயம்."

அப்படியானால் பொய் எழுதியபோது நல்ல பெயர். உண்மை எழுதினேன் என்கிறபோது கள்ளப் பட்டம். ஐசக் நம்பவில்லை. அகப்பட்டவன் எதையும்தான் சொல்வான். ஆனால் அந்த ஆளின் முகத்தில் கள்ளம் தெரியவில்லை என்பதும் அவரைத் தொந்தரவு செய்தது.

முதல் சந்தேகம் கருவி மேல். தான் கொண்டுபோன வெப்பமானியையும் அதிகபட்சமானியையும் ஒரே சட்டி வெந்நீரில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. கருவியில் கோளாறு இல்லை.

மிச்சம் இருந்தது மனுஷன்.

5.30க்கு அவரே அளந்தார். பகலின் அதிகபட்சம் 75. உதறி இறக்கினார். 68ல் நின்றது. போடியில் வாங்கிய புதுப் பூட்டைப் பெட்டியில் போட்டார். சாவி ஒன்றுதான், அது அவர் சட்டைப் பையில். ஆயம்மாளிடம் அடுப்புச் சாம்பல் வாங்கிப் பெட்டியைச் சுற்றித் தரையில் தூவினார். எவன் வந்தாலும் காலடி பதியும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

"வெளிய உக்காராதீக சார். உள்ள வந்துருங்க" என்றார் ஜக்கையன்.

"ஏன்?"

"பனி எறங்குது."

"எனக்குப் பனி ஒண்ணும் செய்யாது."

ஜக்கையன் உள்ளே போனார். 6.02க்கு வீட்டுக் கதவு சாத்திய சத்தம். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கதவில் எதையோ இழுத்து முட்டுக் கொடுக்கிற சத்தமும் கேட்டது. வெளியில் இருட்டக்கூட இல்லை. இந்த நேரத்தில் ஏன் இத்தனை பந்தோபஸ்து என்று ஐசக் நினைத்தார். ஜக்கையன் வேறு வழியாகச் சுற்றி வரப் போகிறாரோ? பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார்.

6.08. மூடுபனி சரிவில் ஏறி வந்தது. ஏலச்செடிகள் மறைந்தன. வெள்ளைப் பெட்டி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. காற்று துளிக்கூட இல்லை.

6.14. ஒரு சத்தம்.

டக்... டக்... டக்...

எலியாக இருக்கும் என்று நினைத்தார். மரநாயாகவும் இருக்கலாம். எழுந்தார்.

டக டக டக டக...

பெட்டி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை, பெட்டி மட்டும் நாலு காலிலும் வெடவெடவென்று நடுங்கியது. உள்ளே கண்ணாடிகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. ஆனாலும் போனார். அவர் போகாமல் இருக்கிற ஆள் இல்லை.

சாம்பலைப் பார்த்தார். ஒரு தடமும் இல்லை. பூட்டு, பூட்டியபடியே இருந்தது.

6.17. சாவி போட்டுத் திறந்தார். நடுக்கம் சட்டென்று நின்றது.

உள்ளே மூன்று வெப்பமானிகள்தான் இருந்தன.

அதிகபட்சமானியைக் காணோம். அது மாட்டியிருந்த கொக்கி வெறுமையாக இருந்தது. பெட்டியின் அடிப்பலகையைத் தடவினார்... இல்லை.

அப்போதுதான் அது கேட்டது.

மூச்சு.

வலது காதுக்குப் பக்கத்தில். வாயைத் திறக்காமல், மூக்கால் மட்டும் விடுகிற மூச்சு. உஸ்... உஸ்... வாய்க்குள் எதையோ அடக்கி வைத்திருக்கிறவன் விடுவானே, அப்படி.

கன்னத்தில் சூடு பட்டது.

திரும்ப முடியவில்லை.

ஓட முடியவில்லை.

உஸ்... உஸ்...

எண்ணத் தொடங்கினார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த தைரியம். பத்து... இருபது... அறுபது... நூறு...

நூற்றிருபது.

மூச்சு நின்றது.

'டிங்.'

கொக்கியில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

தொட்டார். ஈரம். வழவழவென்ற ஈரம். சுட்டது.

நோட்டில் அந்த வரி மட்டும் கோணலாக இருக்கிறது: "6.21. 104.8. நான் வைக்கவில்லை."

எழுதி முடித்த பிறகுதான் கால் வந்தது. ஓடிப் போய்க் கதவைத் தட்டினார். ஜக்கையன் திறந்தார். என்ன என்று கேட்கவில்லை. ஏன் நடுங்குகிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

"இன்னைக்கும் ஏறிருச்சா சார்?" என்றார்.

காலையில் போய்ப் பார்த்தபோது சாம்பலில் காலடி இருந்தது. ஐசக்கின் செருப்புத் தடம் மட்டும்.

சனிக்கிழமை ஜீப்பில் இறங்கியதும் ஐசக் நேராகப் போனது ஆஸ்பத்திரிக்கு. கம்பவுண்டர் சவுகத் அலி அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர். ஐசக் ஒன்றும் சொல்லாமல் எண்களை மட்டும் காட்டினார். சவுகத் அலிக்கு யோசிக்கக்கூட நேரம் ஆகவில்லை.

"என்ன மாப்ளே இது, மொறைக்காச்ச. ஒருநா விட்டு ஒருநா. மலேரியா, மலக்காச்சலேதான். ஆளு யாரு? வெரசாக் கூட்டியா, கொய்னா குடுக்கணும். விட்டா தாங்காது."

"ஆளு... இல்லப்பா."

"போயிட்டாரா?"

ஐசக் நோட்டை மூடினார். ஜுரம் அளக்கிற கண்ணாடியும் அந்த அதிகபட்சமானியும் ஒரே சாதி என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டும் ஏறினால் தானாக இறங்காது. மலையில் தனியாக இருக்கிறவனிடம் ஜுரக் கண்ணாடி ஏது? கையில் இருந்ததை வாயில் வைத்திருக்கிறான்.

பெத்துராஜின் மேசையில், ஜக்கையனை நீக்குகிற உத்தரவு தட்டச்சடித்துத் தயாராக இருந்தது. ஐசக்கின் கையெழுத்துக்காகப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள்.

"ஜக்கையன் பொய் எழுதல சார். நான் என் கண்ணால பாத்தேன். அப்படித்தான் எழுதிக் குடுப்பேன்."

"யோசிச்சுப் பேசுங்க வாத்தியாரே. ஜூன் மாசத்து வேல..."

"வேணாம் சார்." சொல்லும்போது ஐசக்குக்கு நெஞ்சு வலித்தது உண்மை. இருந்தாலும் சொல்லிவிட்டார். "அவருக்கு முன்னால அங்க யாரு இருந்தா?"

பெத்துராஜ் பேனாவை மூடி வைத்தார். "யோசேப்புன்னு ஒருத்தன். தனிக்கட்ட. அம்பத்திரண்டுல காச்சல்ல போயிட்டான்."

"லீவு கேக்கலயா?"

"கேட்டான். மலைக்குப் போற எல்லாப் பயலும் காச்சல்னுதான் எழுதுவான். அளவ ஒழுங்கா எழுதி அனுப்புற வழியப் பாருன்னு எழுதிட்டேன்." குரல் இறங்கியது. "ஒரு சனிக்கெழம கம்பத்துல பை இல்ல. டிரைவரு மேல ஏறிப் பாத்திருக்கான். கட்டில்ல கெடந்தான். டாக்டரு பாத்துட்டு, செத்துப் பதினோரு நாளாச்சுன்னாரு. அதுக்கு முந்தின வாரத்துச் செவ்வாக்கெழமையே போயிருக்கு."

ஐசக் பழைய தாள்களைக் கேட்டார். பெத்துராஜ் எழுந்து பீரோவிலிருந்து தானே எடுத்து வைத்தார். மே 1952. யோசேப்பின் குண்டு குண்டான எழுத்து. 103.6, 98.4, 104.2... ஒவ்வொரு வாரத்தின் அடியிலும் பெத்துராஜின் சிவப்பு மை: "நம்பத் தகுந்ததல்ல. மறுபடி அளந்து அனுப்பவும்."

பெத்துராஜும் குனிந்து பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் தான் திருத்தியது என்ன என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஜக்கையனின் உத்தரவை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

ஐசக் கடைசித் தாளைப் புரட்டினார். பை இல்லாத சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை காலையில் கம்பத்துப் பையிலிருந்து டிரைவர் எடுத்து வந்த தாள்.

ஞாயிறு, 104.8. திங்கள், 98.2. செவ்வாய், 105.6.

தாள் அதோடு நிற்கவில்லை.

புதன், 72. வியாழன், 72. வெள்ளி, 71.

அதே குண்டு எழுத்து. கொஞ்சம்கூட நடுக்கம் இல்லாத எழுத்து. கட்டிலில் செத்துக் கிடந்தவனின் உடம்பில் அந்த மூன்று நாளும் இருந்த சூடு அதுதான்.

அதற்குக் கீழே, பெத்துராஜின் சிவப்பு மையில் இரண்டு வரி:

"இப்போது சரி. இனிமேலும் தவறாமல் அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கவும்."