அளவுக்கு நின்றவள்

போன ஞாயிற்றுக்கிழமை புனேவில் வாகட் பக்கம் ஒரு பெரிய கடையில், கோடைத் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே, ஐம்பதைத் தாண்டிய நான் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்றே விலக்கி, முகவாயைத் தூக்கிக்கொண்டு பொம்மை மாதிரி நின்றிருந்தேன். நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அக்கா தன் மகளுக்கென்று ஒரு பருத்திக் குர்த்தாவை எடுத்து அதன் தோள்களை என் தோள்மேல் வைத்து, "பவி உன்ற ஒசரந்தான் இருப்பா" என்றாள். அவ்வளவுதான். கைகள் தாமாக விலகிக்கொண்டன.

"ஏண்டி இப்படி வெறச்சுட்டு நிக்கறே? போட்டாவா எடுக்கறாங்க?" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். காட்சிக்கு வைத்த பொம்மை என்று நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. என்ன, பொம்மைகளுக்கு இந்த இடுப்பு இருக்காது.

என் அக்கா மஞ்சுளா கோயம்புத்தூர்க்காரி. அவள் மகள் பவித்ராவுக்கு ஹிஞ்சவடியில் வேலை கிடைத்து, இங்கே ஒரு பெண்கள் விடுதியில் இடமும் பிடித்தாயிற்று. மகளுக்கு வேண்டிய துணிமணி, வாளி, போர்வை எல்லாம் வாங்கிக் கொடுத்துக் குடியமர்த்திவிட்டுப் போக வந்திருந்தாள். புனேவுக்கு அக்கா வருவது இதுதான் முதல் தடவை. நானோ இந்த ஊரிலேயே வளர்ந்து, படித்து, கல்யாணமாகி, முட்டிவலி வரைக்கும் வந்துவிட்டவள். இத்தனை வருஷத்தில் கூடப்பிறந்தவள் ஒருமுறைகூட வரவில்லை என்றால் ஏதோ சண்டை என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. சண்டை போட்டுக்கொள்கிற அளவுக்கு நாங்கள் சேர்ந்து இருந்ததே இல்லை.

அந்தக் கடையில் துணி அடுக்குகள் முடிந்து வீட்டுச் சாமான்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு வாசனை வந்தது. புதுப் பிளாஸ்டிக்கும் கஞ்சி முறுக்கு விடாத புதுத் துணியும் கலந்த வாசனை. இப்போதெல்லாம் ஏசியில் ஏதோ எலுமிச்சைச் செண்டு கலந்து இதை அமுக்கிவிடுகிறார்கள். ஆனால் என் மூக்கு பழைய மூக்கு. அதற்குத் தெரிந்துவிட்டது.

அப்பாவுக்கு இங்கே ஆகுர்டியில் வண்டி செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. அவர் வந்து சேர்ந்தபோது தங்கியது ஒற்றை அறையில். அக்கா அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். நான் அவளுக்கு ஒரு வயது இளையவள், பள்ளிக்கூடம் போகிற வயது வரவில்லை. பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. "வீடு கெடைக்கற வரைக்கும் மஞ்சு எங்கூட இருக்கட்டும்" என்று பெரியம்மா சொன்னதாகவும், அம்மா சரி என்றதாகவும் பின்னால் தெரிந்துகொண்டேன். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. நாலாவது முடிக்கட்டும் என்றார்கள். நாலாவதும் முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சிஞ்ச்வடில் அந்த நாளில் ஒரு கடை இருந்தது. கீழே பாத்திரம், பிளாஸ்டிக், மெத்தை, மேசை விசிறி. மாடியில் துணி. ஏப்ரல் பிறந்தால் வாசலில் குறுக்காகத் துணி கட்டி 'சேல்' என்று எழுதிவிடுவார்கள். நாங்கள் லீவுக்கு ஊருக்குக் கிளம்புவதும் அந்த மாதம்தான் என்பதால், ஊருக்குக் கொண்டுபோகிற எல்லாச் சாமானும் அங்கேதான் வாங்குவோம். அம்மாவுக்கு அந்தக் கடையில் நுழைந்தால் கால் தரையில் பாவாது. ஒரு வருஷம் தண்ணீர் ஜக்கோடு இலவசம் என்று ஐஸ் ட்ரே ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அம்மா அதற்காக அசரவில்லை. கடுகு, சீரகம், வெந்தயம் என்று குழிக்கு ஒன்றாகப் போட்டு அஞ்சறைப்பெட்டிக்குத் தங்கையாக வைத்துக்கொண்டாள். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவாள்.

கீழே வேலை முடிந்ததும் மாடி. அங்கேதான் என் உத்தியோகம். அக்காவுக்கு எடுக்கும் கவுன், பாவாடைச் சட்டை எல்லாம் எனக்குப் போட்டுத்தான் அளவு பார்ப்பது. எனக்குத் தீபாவளிக்கு, அக்காவுக்கு ஏப்ரலில். அதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. "நேரா நில்லு. கைய அகட்டு" என்பாள் அம்மா. பிறகு தோளில் தன் சுட்டுவிரலைப் படுக்கையாக வைத்து, அந்த ஒரு விரற்கடை கூடுதலாக இருக்கிறதா என்று பார்ப்பாள். அக்கா பெரியவள் அல்லவா, அந்தப் பெரியது ஒரு விரற்கடை என்பது அம்மாவின் கணக்கு.

துணிப் பிரிவில் ஒரு மராத்தி அம்மாள் இருந்தாள். கொண்டையைச் சுற்றி எப்போதும் பூ வைத்திருப்பாள். ஒருமுறை அவள் குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, "துஜே பசந்த் ஹை, பேட்டா?" என்றாள். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று. அந்தக் கவுனுக்குப் பக்கவாட்டில் பை இருந்தது. கையை விட்டால் உள்ளே போனது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தன் ஹிந்தியில் அவசரமாகச் சொன்னாள்: "இஸ்கா நஹீ. இஸ்கா அக்கா கா." இவளுக்கில்லை, இவள் அக்காவுக்கு என்று.

அன்று பஸ்ஸில் வரும்போது அழுதேன். அம்மா திட்டவில்லை. "அவளுக்கு நாம குடுக்கறது இது ஒண்ணுதான் கண்ணு. உனக்கு நானே இருக்கறேனல்லோ?" என்றாள். அந்த வயதில் எனக்கு அம்மாவைவிடப் பை வைத்த கவுன்தான் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் துணியைப் பார்ப்பதில்லை, பின்னால் எரிகிற ட்யூப்லைட்டைப் பார்ப்பது. அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றால் உடம்பில் என்ன மாட்டுகிறார்கள் என்பதே தெரியாது. நல்ல வசதி. அது இன்றுவரை கூடவே வந்துவிட்டது. கடையில் என் வீட்டுக்காரர் "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால், "அளவு சரியா இருக்கு" என்றுதான் எனக்குப் பதில் வரும். அவரும் கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது அளவை மட்டும் விசாரிக்கிறார்.

ஒரு வருஷம் அம்மாவின் விரற்கடை பொய்த்தது. ஊரில் அக்காவுக்குப் புதுச் சட்டையை மாட்டினால் அக்குளில் பிடித்துக்கொண்டது. கை மேலே போகவில்லை. "இங்க நல்லாச் சாப்படறாளல்லோ" என்றாள் பெரியம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்மா அந்தச் சட்டையைக் கழற்றி மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அக்கா, "பரவால்லீங்கம்மா, நான் போட்டுக்கறேன்" என்றாள். பெற்றவளை அவள் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவாள். பெரியம்மாவை நீ என்பாள்.

அடுத்த ஏப்ரலில் அம்மா மாடிக்குப் போகவே அவசரப்படவில்லை. கீழேயே நெடுநேரம் இருந்தாள். ஒரு மடக்குக் கட்டில் வாங்கினாள். அதற்கு மெத்தை, தலையணை, தனி வாளி, தனி மக், ஸ்டீல் டிபன் டப்பா. விரிப்பை எடுக்கத்தான் ரொம்ப நேரமானது. ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்லி விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கடைப்பையன் சலித்துக்கொண்டான். நான் பக்கத்தில் நின்று எப்போது மாடிக்குப் போவோம், எப்போது ட்யூப்லைட்டைப் பார்ப்போம் என்று காத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் அம்மாவுமாகச் சமையலறைப் பக்கச் சுவரோரம் கட்டிலைப் போட்டு, விரிப்பை விரித்து, நாலு மூலையும் இழுத்துச் சொருகினார்கள். என்னை அதில் ஏறவிடவில்லை. "மஞ்சு வந்து மொதல்ல படுக்கட்டும்" என்றாள் அம்மா.

ஊருக்குப் போனோம். அம்மா எப்போது அக்காவைக் கூப்பிடப்போகிறாள் என்று எனக்கே படபடப்பாக இருந்தது. ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா அரிவாள்மணையில் மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா தட்டு ஏந்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஏதோ விளையாட்டுக்குக் கேட்பவள் மாதிரி, "ஏங்கண்ணு, எங்ககூடப் புனாவுக்கு வந்தர்றியா?" என்றாள்.

பெரியம்மாவின் கை நின்றது. அப்பா பேப்பரை மடக்கினார். அக்கா தட்டையே பார்த்தாள்.

"நான் இங்கியே இருக்கறேனுங்கம்மா."

"சரி கண்ணு" என்றாள் அம்மா. பெரியம்மா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். கொட்டையை எனக்குக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்த அன்றைக்கே, "அதுல நீயே படுத்துக்க" என்று அம்மா கட்டிலைக் காட்டினாள். அழவில்லை, அப்பாவோடு சண்டை போடவில்லை. மறு வருஷமும் சேல் வந்தது, நாங்களும் போனோம். ஆனால் மாடி ஏறவில்லை. கீழேயே பெரியம்மாவுக்கு ஒரு ஹாட்கேஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். அக்காவுக்குத் துணி ஊரிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். என் உத்தியோகம் போய்விட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேனா என்று நினைவில்லை.

அப்பா ஓய்வு பெற்றதும் இருவரும் கோயம்புத்தூருக்கே போய்விட்டார்கள். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். பெரியம்மாவும் போனாள். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அக்காதான். குளிப்பாட்டி, தலைவாரி, மாத்திரை கொடுத்து, எல்லாம் அவள்தான். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவார்கள். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவே இல்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

பவிக்கு வாங்கிய வாளியும் விரிப்புமாக ஆட்டோவில் ஏறினோம். அக்கா வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் சும்மா பேச்சுக்கு, அந்தக் காலத்தில் அவளுக்காகக் கடையில் விறைத்து நின்ற கதையைச் சொன்னேன். ட்யூப்லைட்டைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா கேட்ட அன்னைக்குப் பெரிம்மா பக்கத்துல உக்காந்து மாம்பழம் நறுக்கிட்டு இருக்கறா. அவளை வெச்சுட்டுக் கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றாள். முகம் வாளியைப் பார்த்துத்தான் இருந்தது. "தனியாக் கூப்புட்டு ஒருக்காக் கேப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க ரயிலேறற வரைக்கும் அம்மா பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன். கேக்கலை. சரி, கூட்டிட்டுப் போறதுக்கு அவங்களுக்கும் அவ்வளவா மனசில்லைன்னு விட்டுட்டேன்."

எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. அது அங்கேதான் இருக்கிறது, ஆனால் என்னுடையது மாதிரி இல்லை.

"உனக்குக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாங்க" என்றேன்.

"எனக்கா?"

"ஆமா. நாங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே. மெத்தை, தலகாணி, வாளி எல்லாம். புது விரிப்பு விரிச்சு, என்னைத் தொடவிடாம வெச்சிருந்தாங்க."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். ஆட்டோ சிக்னலில் நின்றது. வலப்பக்கம் தகரம் அடைத்து ஏதோ அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சின்னக் குரலில் கேட்டாள்.

"விரிப்பு என்ன கலரு?"

நான் யோசித்தேன். கல்யாணமாகிப் போகிறவரை அந்த விரிப்பின்மேல்தான் படுத்திருந்தேன். அது நைந்து, நடுவில் கிழிந்து, அம்மா ஒட்டுப்போட்டு, கடைசியில் கரித்துணியாகப் போனது நினைவிருக்கிறது. கட்டிலைப் பழைய சாமான்காரன் தூக்கிக்கொண்டு போனதும் நினைவிருக்கிறது. கலர் மட்டும் வரவில்லை. அத்தனை வருஷம் அதில் படுத்தவள் ஒரு நாளும் அதைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கேட்டுப் பார்க்க, அதைத் தேர்ந்தெடுத்த அம்மாவும் இப்போது இல்லை.

"நீலம்" என்றேன்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். "நீலமா" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சிக்னல் விழுந்து ஆட்டோ கிளம்பியது. நீலமாகவும் இருந்திருக்கலாம்.