மூன்று ஜனாஸாவும் இரண்டு நீதிமன்றமும்

1. மாத்தாள்

லொறி புரண்டபோது நான் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தேன். பின்னால் உப்பு மூட்டைகளுக்கு மேல் இருந்த பெண்களில் மூன்று பேர் மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டார்கள். ஜெமீலா, கதீஜா, சபீனா. மூவரும் அன்று என் செட்டில் வேலைக்கு வந்தவர்கள்.

புத்தளத்து உப்பளங்களில் நான் பெண்கள் செட்டுக்குக் கங்காணி, எல்லாருக்கும் ராத்தா, அதாவது அக்கா. படிப்பு இரண்டாம் வகுப்பு. ஆனால் மூட்டை ஏற்றி இறக்க என் செட்டைப் போல வேறு செட்டு இல்லை என்று லொறி முதலாளிமாரே சொல்வார்கள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சபீனா என் செட்டின் வழமையான ஆள் அல்ல. அவளுடைய உம்மா மர்யம்தான் என் ஆள். புருஷன் மௌத்தாகி, விதவை இருக்கும் இத்தாவில் மர்யம் இருந்தாள். அந்தக் காலம் முடியும்வரை அவள் வாசலைத் தாண்டக் கூடாது. எங்கள் செட்டில் ஒருத்தி இத்தா இருந்தால் அவளுடைய இடம் போய்விடாமல் மகளோ தங்கச்சியோ வந்து வேலை செய்வாள். மாத்தாள் என்போம். கூலி தரும் லொறி முதலாளியிடம் அதைச் சொல்லும் வழக்கம் இல்லை. அவரும் கேட்டதில்லை.

மர்யம் மகளின் முகத்தை, ஜனாஸாவை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தபோதுதான் கடைசியாகப் பார்த்தாள்.

2. சேர்ப்பதா, விடுவதா

லொறிக்குக் காப்புறுதி இருந்தது. லொறி முதலாளியின் கூலியாட்களுக்கு ஏதும் நடந்தால் காப்புறுதிக் கம்பெனி நட்டஈடு கொடுக்க வேண்டும். சும்மா ஏறி வந்தவர்களுக்கு இல்லை. கம்பெனி ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

ஜெமீலாவின் வீட்டாரும் கதீஜாவின் வீட்டாரும் புத்தளத்தில் வழக்குப் போட்டார்கள். மர்யத்தின் நானா, கூடப்பிறந்த அண்ணன், சிலாபத்துப் பக்கம் இருக்கும் மீனவர். லொறி முதலாளியும் அந்த ஊர்தான். அதனால் சபீனாவின் வழக்கு சிலாபத்தில் விழுந்தது. ஒரே லொறி, ஒரே கம்பெனி. எல்லாவற்றுக்கும் ஒரே சாட்சி, நான்.

அந்த இரண்டு வீட்டாரின் புத்தளத்து லோயர் எங்களைக் கூப்பிட்டார்.

"மூணையும் ஒரே கோட்டுக்குக் கொண்டு வந்து ஒண்டா விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாம். எல்லாரும் ஓம் எண்டு சொன்னாத்தான் அந்த வேலையில இறங்குவன்."

"நல்ல விஷயம் சேர்," என்றேன்.

ஜெமீலாவின் புருஷன் நிஸார் கதிரையை விட்டு எழும்பினான்.

"மாத்தாள் கேஸை எங்கட தலையில கட்டாதீங்க சேர். அந்தப் புள்ள முதலாளிட ஆள் எண்டு காட்ட ஏலாது. அதோட சேர்ந்தா எங்கடதும் போயிடும்."

"நிஸார், ஜெமீலாவையும் சபீனாவையும் ஒரே மூட்டைக்குக் கீழ இருந்துதானே எடுத்தோம்."

"அது றோட்டுல ராத்தா. இது கோடு. உங்களுக்கென்ன, ஒருதரம் சாட்சி சொல்லிட்டு வீட்ட போகலாம் எண்டு பாக்கிறீங்க."

"ஓம், அதுவும்தான். நீ ஒருதரம் சொல்லிப் பார், தெரியும்."

லோயர் பேனையை மூடினார். "நிஸார் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஒண்டு பலவீனம் எண்டா மத்ததையும் இழுக்கும்." கதீஜாவின் வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பேச்சு அத்தோடு முடிந்தது.

3. சிலாபம்

சபீனாவின் வழக்கு முதலில் வந்தது. கம்பெனி லோயர் சிங்களத்தில் கேட்க, ஒருவர் தமிழில் சொன்னார்.

"சபீனா உங்கட செட்டா?"

"அவட உம்மா என்ட செட்டு."

"கேட்டது சபீனாவை."

"அண்டைக்கு அவள்தான் என்ட செட்டு."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"முதலாளி மூட்டையத்தான் பாப்பார். தூக்கிறவள எங்க பாக்கிறார்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

கம்பெனி சொன்னது இதுதான்: கங்காணியின் செட்டில் வழமையாக வேலை செய்யும் பெண்கள் லொறி முதலாளியின் கூலியாட்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளை யாருக்கும் தெரியாமல் ஏறி வந்தவள்.

தீர்ப்பும் அப்படியே வந்தது. மர்யத்தின் நானா, "அப்பீலுக்கு எங்க போறது ராத்தா, இதுக்கே என்ட வலைய வித்துட்டன்" என்றார்.

4. புத்தளம்

நாள் போய் புத்தளத்து வழக்குகள் எடுபட்டன. இங்கே அதே கம்பெனி, இந்தப் பெண்கள் லொறி முதலாளியின் ஆட்களே இல்லை, கங்காணியின் ஆட்கள் என்றது.

எங்கள் லோயர் சிலாபத்துத் தீர்ப்பை எடுத்து நீதிபதியிடம் கொடுத்தார். "வழமையான பெண்கள் முதலாளியின் ஆட்கள் என்று அங்கே சொன்னது இதே கம்பெனிதான்" என்றார். அங்கே ஒன்றும் இங்கே ஒன்றும் சொல்ல முடியாது என்றார் நீதிபதி. இரண்டு வழக்கும் எங்கள் பக்கம் தீர்ந்தன.

இத்தா முடிந்து மர்யம் திரும்ப என் செட்டுக்கு வந்திருந்தாள். தீர்ப்பு நாளில் அவளும் என்னோடு வந்தாள். வெளியே லோயரிடம் போய் நின்றாள்.

"சேர், இப்ப என்ட புள்ளையிட கேஸையும் இதோட சேர்க்க ஏலாதா?"

"முடிஞ்ச கேஸை சேர்க்க ஏலாது உம்மா. அப்பீல் காலமும் போயிட்டு."

"அங்க என்ட புள்ளைக்கு எதிராச் சொன்ன கதைதானே இங்க இவங்களுக்கு உதவினது?"

லோயர் அடுத்த கேஸுக்கு உள்ளே போனார். நிஸார் எங்களோடு ஒரே பஸ்ஸில் ஏறவில்லை.

இளம் கங்காணிமாருக்கு நான் சொல்வது இதுதான். ஒரே லொறியில் போய்ச் செத்தவர்களுக்காக வழக்குப் பேசுவதானால், முதல் லோயரின் வாசலை மிதிக்கும் முன்பே எல்லா வீட்டாரும் ஒன்றாக உட்காருங்கள். பலவீனமானதைத் தள்ளிவைத்தால் அது தனியே போய்த் தோற்கும். மாத்தாள் வந்தால், மூட்டையில் கை வைக்க முன் முதலாளிக்கு முன்னால் நிறுத்தி, இன்றைக்கு இவள் உங்கள் ஆள் என்று சொல்லி, அவர் வாயால் ஓம் என்று வாங்குங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முதலாளிமாருக்குப் பிடிப்பதில்லை. செய்கிறேன்.

நான் அப்படி மாத்தாளை நிறுத்தும் நேரத்தில் மர்யம் மட்டும் பக்கத்தில் நிற்கமாட்டாள். உப்புப் பாத்திக்குள் இறங்கிவிடுவாள்.