பொய் கிரில்

அந்தத் தபால்தலையின் முதுகைத்தான் அண்ணன் எனக்கு முதலில் காட்டினார். ஒரு சின்ன இடுக்கியால் அதைத் தூக்கி, கறுப்புத் துணிமேல் கவிழ்த்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "மூச்ச அடக்கிட்டுப் பாருங்க தம்பி. மூச்சுல ஈரம் இருக்கு" என்றார். நானும் அடக்கிக்கொண்டு பார்த்தேன். பழுப்பேறிய காகிதத்தின் நடுவே, என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, வரிசை வரிசையாகக் குட்டிப் பள்ளங்கள். முத்து உதிர்த்த சோளக்கதிரில் மிஞ்சும் குழிகளைப் போல இருந்தன. நூற்றைம்பது வருஷம் கடந்த அமெரிக்கத் தபால்தலை அது. மூச்சு முட்டி நான் விலகியபோது அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் மூச்சை அடக்குவது விளையாட்டு இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான் கிரில் போடுகிறவன். ஜன்னலுக்கும் கதவுக்கும் இரும்புக் கம்பி வளைத்து, ஒட்டி, சாயம் அடித்து மாட்டிவிடுவது என் பிழைப்பு. செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று என்னைச் சொல்வார்கள். அது பொய். ஒதுங்கியிருக்கிறேன், மழை விட்டதும் கிளம்பிவிட்டேன், அவ்வளவுதான். இந்தக் கதையையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதிப் பிழை திருத்தினாள். பாதியில் ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, இது வாக்கியமா இல்ல வெல்டிங்கா?" என்று கேட்டாள். அண்ணன் என்று நான் சொல்வது உடன்பிறந்தவரை இல்லை. அரசாங்க ஆபிசில் பெரிய வேலை பார்த்து ஓய்வுபெற்று, கிளேபாங்கில் கடலுக்குக் கிட்டத்தில் வீடு கட்டியிருந்தவர். வயதில் மூத்தவரை நாம் வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். லாரியில் அந்தப் பக்கம் போகும்போது என் கண் தானாகவே அங்கே திரும்பும். ஒரு ஜன்னலும் திறந்திருப்பதில்லை.

முதல் நாள் நான் ஏணிமேல் நின்று முன்ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் உள்ளே யாரோடோ டெலிபோனில் சத்தமாகப் பேசுவது கேட்டது. "அந்தக் கிரில்லு ஒரிஜினல்னு யாரு சொன்னா? எனக்கு டவுட்டா இருக்குலா. பொய் கிரில்லப் போட்டு ஏமாத்துறவன் எவ்ளோ பேரு இருக்கான்!" எனக்குக் காது சிவந்துவிட்டது. இன்னும் ஒரு கம்பிகூட மாட்டவில்லை, அதற்குள் இப்படி ஒரு பேச்சா? இறங்கிப் போய், அளக்கும் நாடாவை மேசைமேல் வைத்தேன். "அண்ணே, நாலு ஊருல விசாரிச்சுப் பாருங்க. நான் கல்யாணத்துல பொய் சொல்லியிருக்கேன், குடிக்கிறதுல பொய் சொல்லியிருக்கேன். கிரில்லுல பொய் சொன்னதில்ல" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவ்வளவு சிரித்து அவரை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதன் பிறகுதான் என்னை உட்கார வைத்துப் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

அந்தப் பள்ளங்களுக்கும் பெயர் கிரில்தானாம். அந்தக் காலத்து அமெரிக்காவில் சிலர், ஒரு முறை ஒட்டிய தபால்தலையிலிருந்து முத்திரை மையைக் கழுவிவிட்டு மறுபடியும் ஒட்டினார்களாம். அதைத் தடுக்க, காகிதத்தில் முள்முள்ளாக அழுத்திக் காயப்படுத்தியிருக்கிறார்கள். காயத்துக்குள் மை இறங்கிவிட்டால் பிறகு கழுவ முடியாது. அந்தக் காயத்தின் அளவும் வரிசையும் கொஞ்சம் மாறினால்கூட, சாதாரணத் தலை கிடைத்தற்கரிய தலையாகிவிடும். அதனால் வெறும் தலையில் பின்னாளில் பொய்யாகக் குத்தி விற்கிறவர்களும் உண்டு. "பொய் கிரில்லக் கண்டுபிடிக்க ஒரு கண்ணு வேணும் தம்பி. எனக்கு அது இருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம், கருவறைத் திரை விலகும்போது நிற்கிறவர் முகம் போல இருந்தது. அந்தத் தபால்தலையின் முன்பக்கத்தில் முன்மண்டை வழுக்கையாகி, காதோரம் முடி வளர்த்த ஒரு வெள்ளைக்காரர். எங்கள் தோட்டத்துப் பழைய துரை மாதிரி இருக்கிறார் என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஏலம் கோயில் ஏலம். திருவிழா முடிந்து சாமி மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் ஏலம் விடுவார்கள். இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். ஜெயித்தவர் பழத்தை வீட்டுக்குக் கொண்டு போய் எல்லோருக்கும் பிழிந்து கொடுத்துவிடுவார். அண்ணனுடைய ஏலம் வேறு மாதிரி. அங்கே அமெரிக்காவில் பொழுது சாயும்போது இங்கே காலைப் பசியாறும் நேரம். அண்ணன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஜெயித்தால் ஒரு சத்தமும் வராது. தோற்றாலும் வராது. ஜெயித்ததை யாரும் தொடக்கூடாது, யாரும் பார்க்கக்கூடாது, காற்றும் படக்கூடாது.

காற்றுதான் அவருக்குப் பெரிய எதிரி. கடற்காற்றில் உப்பும் ஈரமும் இருக்கிறது, பழைய தலையின் முதுகில் இருக்கும் பசை இளகிவிடும் என்று, ஒவ்வொரு அறையாக அடைத்துக்கொண்டு வந்தார். ஈரத்தை உறிஞ்சும் பெட்டி ஒன்று பகலெல்லாம் முனகிக்கொண்டே இருக்கும். சோறு வடிக்கும் ஆவி கூடாது என்று அண்ணி கொல்லையில் அடுப்பு வைத்துச் சமைத்தார். அண்ணிக்கு இழுப்பு உண்டு. வாய்க்குள் அடித்துக்கொள்ளும் பம்ப்பைக் கைலி மடிப்பில் செருகியிருப்பார். நான் போனால், "பசியாறிட்டீங்களா தம்பி? தேத்தண்ணி கலக்கவா?" என்று கேட்கும் அந்தச் சின்ன வாக்கியத்துக்கே நடுவில் ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்குவார். ஆனால் வாய் மட்டும் குறையாது. "என் முதுகுல பசை இல்ல தம்பி. இருந்திருந்தா என்னையும் ஒரு பொட்டியில வச்சு நல்லாப் பாத்துக்குவாரு" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், அண்ணன் பின்னால் நின்றிருந்தார். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசிப்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு திருட்டுக்குப் பயந்து அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தார். முன்கதவுக்கு ஒன்று, அதற்கு முன்னால் இன்னொன்று, அவருடைய அறைக்கு, கொல்லைக் கதவுக்கு. எல்லாவற்றிலும் மங்கா தொங்கியது. பூட்டுக்கு நாங்கள் மங்கா என்போம், மலாய்ச் சொல். அந்த வீட்டில் மாங்காய்க் குலை போல மங்கா தொங்குகிறது என்று நான் பேசியதுண்டு. சாவிகள் எல்லாம் ஒரே வளையத்தில் அண்ணன் இடுப்பில் இருந்தன. துணி காயப்போட அண்ணி ஒருநாள் கொல்லைக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டாராம். அதிலிருந்து வீட்டில் ஆள் இருக்கும்போதும் உள்ளே பூட்டியே இருக்கும், சமைக்கப் போகும்போது மட்டும் அவரே வந்து திறந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் நன்றாக வேலை செய்துவிட்டு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சாயம் காயும்வரை அரட்டை அடித்துவிட்டு வந்தேன். வீட்டை அடைக்கிறோம் என்றுதான் நினைத்தேன். ஆளை அடைக்கிறோம் என்பது என் மண்டைக்கு மெதுவாகத்தான் ஏறியது.

கடைசியாக மிஞ்சியது சமையலறை ஜன்னல். அளவெடுக்கும்போது அண்ணி பக்கத்தில் வந்து, "தம்பி, இத மட்டும் தொறக்கிற மாதிரி வைங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. நான் அண்ணனிடம் போய், என் யோசனை போலவே சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, ஆத்திரம் அவசரத்துக்கு ஒரு ஜன்னலாவது தொறக்கணும்லா." அவர் இடுக்கியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னார். "தொறக்கிற கிரில்லு கிரில்லே இல்ல தம்பி."

கிரில்லில் பொய் சொன்னதில்லை என்று அவரிடம் மார்தட்டியவன், அந்த வாரம் என் வாழ்க்கையின் முதல் பொய் கிரில்லைச் செய்தேன். சிமெண்டில் ஊன்ற வேண்டிய சட்டத்தை உள்பக்கமாக நான்கு ஸ்க்ரூவில் நிறுத்தி, ஸ்க்ரூத் தலைகளைச் சுவர்ப்பூச்சு மாவு வைத்து மறைத்து, மேலே இரண்டு தடவை சாயம் அடித்தேன். இதில் என் கைத்திறமை என்று ஒன்றும் இல்லை. என் உண்மையான வெல்டிங்கைவிட இது அழகாக வந்திருந்தது என்பதுதான் கேவலம். அண்ணன் வந்து கம்பியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். கண்ணைக் கிட்டத்தில் கொண்டு போய்ப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். போகும்போது அண்ணியின் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் அதை அரிசிக்குள் புதைத்துவிட்டார்.

அந்த நாள் வந்தது. அண்ணன் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு கிரில் தலை ஏலத்துக்கு வருகிறது என்று முந்தின வாரமே சொல்லியிருந்தார். நான் அன்று காலை கிளேபாங்கிலேயே ஒரு தேங்காய்த்தண்ணிக் கடைக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது. எடுத்தால் பேச்சு இல்லை. கொதிக்கிற கெட்டிலின் மூக்கில் ஆவி போவது போல ஒரு சீழ்க்கை மட்டும் வந்தது. அதற்குள்ளிருந்து, "தம்பி... ஜன்னலு..." என்று வந்தது.

வெளிக்கேட்டும் பூட்டியிருந்தது. சுவரேறிக் குதித்தேன். என் கால்சட்டை பாதி சுவரிலேயே தங்கிவிட்டது. அண்ணனுடைய அறை ஜன்னலைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போக வேண்டும். கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. காதில் ஹெட்ஃபோன், முன்னால் திரை. கம்பிக்குள் கையை விட்டுக் கண்ணாடியை இடித்தேன். "அண்ணே! அண்ணி!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. ஆனால் இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினார். பொறு என்று. அவருக்குக் கேட்டிருக்கிறது. அந்தக் கையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதில் ஒரு நடுக்கமும் இல்லை.

சமையலறை ஜன்னலுக்குப் போனால், அண்ணி தொட்டிமேல் சாய்ந்து நின்று ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மாவைச் சுரண்டி ஒரு பக்கத்து இரண்டையும் கழற்றிவிட்டார். மூன்றாவது பாதியில் நின்றது. பம்ப் தீர்ந்து தரையில் கிடந்தது. நான் வெளியிலிருந்து கம்பியைப் பிடித்து இழுத்தேன். சுவரோடு பெயர்ந்து வந்து என்மேலேயே விழுந்தது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா "செபாட்! செபாட்!" என்று கத்திக்கொண்டே சுவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டார். சீக்கிரம், சீக்கிரம் என்று அர்த்தம். இரும்புத் துண்டுகளுக்கு நடுவே அண்ணியை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டிய ஒரே பயணம் அது.

அண்ணன் மத்தியானம் வாடகைக் காரில் வந்தார். மூக்கில் குழாயோடு கிடந்த அண்ணியின் காதருகில் குனிந்து, "கெடைச்சிருச்சு" என்றார். அண்ணி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு அண்ணன் என்னை வெளியே அழைத்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதற்கு ஒரு நக்கலான பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். "அந்த ஜன்னலு எத்தன நாளா அப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டார். நான் கால்சட்டைக் கிழிசலை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "நான் பாத்தேன். என் கண்ணுக்கே தெரியல" என்றார். கோபம் இல்லை. கொஞ்சம் வியப்பும் நிறைய பயமும் இருந்தது. அத்தனை நாளும் அந்தத் தலைகள் காவல் இல்லாமல் கிடந்திருக்கின்றன என்கிற பயம். "இன்னிக்கே வந்து ஒழுங்கா ஊனிக் குடுத்திருங்க" என்றார். "எனக்குக் கையில சுளுக்கு அண்ணே, வேற ஆளப் பாருங்க" என்றேன். அதுவும் பொய்தான்.

அண்ணி வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன நாள், அண்ணியே கேட்டுக்கொண்டதால் நான்தான் லாரியைக் கொண்டு போனேன். அண்ணி நடுவில், அண்ணன் கதவோரம். கடல் தெரிய ஆரம்பித்ததும் அண்ணன் சொன்னார், நல்ல செய்தி சொல்கிறவர் குரலில். "டவுன்லேருந்து ஆளக் கொண்டாந்து போட்டாச்சு. சிமெண்ட்ல ஊனி. இப்பதான் வீடு வீடா இருக்கு." அண்ணி மடியில் புது பம்ப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

வாசலில் நிறுத்தினேன். அண்ணன் இறங்கினார். இடுப்பு வளையத்தை எடுத்து, வெளிக்கேட்டின் மங்காவைத் திறந்தார். உள்ளே போய் முதல் கிரில்லைத் திறந்தார். இரண்டாவதைத் திறந்தார். கதவைத் தள்ளி, திரும்பிப் பார்க்காமலேயே, "வா, காத்து உள்ள போவுது" என்றார்.

அண்ணி, அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நகர்ந்தார். லாரியின் கதவைப் பிடித்து உள்பக்கமாக இழுத்துச் சாத்தினார். கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கினார்.

"தம்பி" என்றார், நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, "இஞ்சின ஆஃப் பண்ணாதீங்க."