கோஸ்தான் பழகிய ஞாயிற்றுக்கிழமைகள்

லோரி ஓட்டக் கற்றுக்கொள்வது என்றால் லோரி ஓட்டுவது என்றுதான் நானும் நினைத்தேன். கிடையாது. முக்கால்வாசி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான். கிள்ளானுக்கு வெளியே இருந்த அந்தப் பயிற்சிப் பள்ளியில் லோரி ஒன்றே ஒன்று. பழக வந்தவர்களோ நாற்காலி போதாத அளவுக்கு. காலையில் போய் உட்கார்ந்தால் நம் டர்ன் வருவதற்குள் இடுப்பு விட்டுப் போகும். ஏறினால் இரண்டு சுற்று. அதுவும் முடிவதற்குள் அடுத்தவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பார்.

அந்த இரண்டு சுற்றாவது முழுசாக என்னுடையதா என்றால், அதுவும் இல்லை. சொல்லிக்கொடுக்கிறவர் நல்ல மனுஷன். என்னைவிடச் சின்னவர், வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்பார். ஆனால் லோரி பின்பக்கமாகப் போக ஆரம்பித்ததும் அவர் கை தானாக ஸ்டியரிங்குக்கு வந்துவிடும்.

"விடுங்க அக்கா, நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்கிட்டா, டெஸ்ட்டுல யாரு சார் பாத்துக்குவா?"

சிரிப்பார். கையை மட்டும் எடுக்க மாட்டார். நான் திடலில் நட்டு வைத்த ஒரு கம்பத்தைச் சாய்த்தால், இறங்கி நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பிக்க நேரமாகும். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். அவர் கவலை அவருக்கு. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தால் அன்றைய கிளாஸ் முடிந்தது. டர்ன் வராதவர்கள் முனகிக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுப்பார்கள். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன்.

இந்த வயதில் உனக்கு எதற்கு லோரி லைசன்ஸ் என்று கேட்காத ஆள் இல்லை. என் கணவருக்குச் சொந்தமாக ஒரு லோரி இருக்கிறது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கிலிருந்து துணி மூட்டைகளை ஏற்றி கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா கடைகளுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒன்றிரண்டு கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவார். எங்கள் சோறு அந்த லோரியில்தான். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. லைசன்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர், இந்தத் தடவை சரி, அடுத்த தடவை கஷ்டம் என்று சொல்லிவிட்டார். வேறு டிரைவர் போடலாம் என்றால், வருகிறவன் ஒரு மாதம் நிற்பான், அப்புறம் போனை எடுக்க மாட்டான். அவர் லைசன்ஸ் முடிவதற்குள் என் கையில் ஒன்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கிளாஸ் இல்லாத நாளெல்லாம் நான் அவர் பக்கத்து சீட்டில்தான். கையுறை ஃபேக்டரியில் என் வேலை போனதிலிருந்து அப்படித்தான். நேரத்துக்குச் சாப்பிட வைக்க வேண்டுமே. சும்மாவும் வர மாட்டேன். "சிவப்பு விழுந்திருச்சு பாருங்க." "மோட்டார்காரன் பூந்து வரான், விடுங்க." "முன்னாடி பஸ்ஸு நிக்குது, பஸ்ஸு." கிள்ளானில் ஆரம்பித்தால் கோலாலம்பூர் போய்ச் சேரும்வரை ஓயாது.

"உன் வாய்க்குத் தனியா ரோட் டேக்ஸ் எடுக்கணும் லா" என்பார். கோபமாக ஒரு நாளும் சொன்னதில்லை.

பள்ளியில் டர்ன் போதவில்லை, நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். முதலில் மாட்டேன் என்றார்.

"பொண்டாட்டிக்கு லோரி சொல்லிக் குடுத்துட்டு எவன் நிம்மதியா இருந்திருக்கான்?"

"இப்ப மட்டும் நிம்மதியாவா இருக்கீங்க?"

கிடங்கு முதலாளியிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்கின் பின்னால் இருந்த காலி இடத்துக்கு லோரியைக் கொண்டுபோனார். காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டு மறுபடியும் தூங்கப் போய்விடுவார். தோங்கு என்று நாங்கள் சொல்லும் காலி எண்ணெய்ப் பீப்பாய்களை இரண்டு வரிசையாக உருட்டி நிறுத்தினார். அதற்கு நடுவே லோரியைப் பின்பக்கமாக நுழைக்க வேண்டும். எங்கள் ஊரில் லோரி, கார், சைக்கிள் எது பின்னால் போனாலும் கோஸ்தான்தான். பாலும் சர்க்கரையும் போடாத தே ஓ தேநீர்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு தோங்குகளுக்குப் பக்கத்தில் நின்று அவர் கத்துவார்.

"கோஸ்தான்! கோஸ்தான்! ஏய், எந்தப் பக்கம் ஒடிக்கிற? நிறுத்து!"

"கத்தாதீங்க! கத்துனா கையே வரல!"

கிளட்ச்சை மிதித்து மிதித்து முழங்கால் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. சீட் அவர் உயரத்துக்கு இருந்ததால் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை. வெயிலில் கேபின் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஆனாலும் அந்த ஞாயிறுகளில்தான் நான் உண்மையில் லோரி ஓட்டினேன். "முன்னாடியப் பாக்காத, பின் டயரப் பாரு, அது போற எடத்துக்குத்தான் லோரி போகும்" என்று அவர் சொன்னது ஒரு நாள் திடீரென்று பிடிபட்டது. எதையும் உரசாமல் உள்ளே போய் நின்றேன். ஐயோ, அப்போது எனக்கு வந்த சந்தோஷம்! அவர் கைதட்டினார். பாவி மனுஷன், விசில்கூட அடித்தார்.

அடுத்த ஞாயிறு, சரக்கு இறக்குவது போலக் கிடங்குக் கொட்டகையை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்து என்றார். அவர் லோரிக்குப் பின்னால் ஓரமாக நின்றார். வலது கண்ணாடியில் அவர் கை அசைவது தெரிந்தது. மெதுவாக வந்தேன். பாதியில் ஏதோ சந்தேகமாக இருந்தது. நிறுத்தினேன்.

"எடம் இருக்காங்க?"

"இருக்கு லா, வா. நான் எதுக்கு இங்க நிக்கிறேன்? கோஸ்தான்... வா... வா..."

டமார்! லோரி குலுங்கியது. இறங்கி ஓடினேன். கொட்டகையின் இரும்புத் தூண் வளைந்திருந்தது. பின் விளக்கு நொறுங்கித் தரையில் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இம்மாம் பெரிய தூணு தெரியலையா உங்களுக்கு?"

வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். அன்று தூண் பக்கம் நடந்து வந்தார். கையை நீட்டி, தடவிப் பார்த்தார். சாம்பல் நிறத் தகரச் சுவர், அதே நிறத்தில் தூண்.

"இங்க ஒரு தூணு இருக்கா?" என்றார்.

என் கோபம் அப்படியே நின்றுவிட்டது. அவர் முகத்துக்கு நேராக, கொஞ்சம் தள்ளி, என் கையை நீட்டினேன்.

"இது எத்தன வெரலு?"

"விளையாடாத."

"எத்தன வெரலுன்னு கேக்குறேன்."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இடது கண் போன தீபாவளிக்கு முன்பே மங்கிவிட்டதாம். வலது கண்ணில் நடுவில் ஒரு கறை மாதிரி நிற்கிறதாம். வெயில் இருந்தால் பரவாயில்லையாம். ஒவ்வொன்றாகச் சொன்னார், ஏதோ லோரிக்கு என்ன ரிப்பேர் என்று சொல்வது போல.

"அப்புறம் எப்பிடிங்க இத்தன நாளா ஓட்டுனீங்க?"

"நீதான் பக்கத்துல சொல்லிக்கிட்டே வந்தியே" என்றார்.

லோரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஃபெடரல் ஹைவேயில் எங்கள் பக்கத்தில் உரசிப் போன மோட்டார்காரர்கள் எல்லோரும் ஒருத்தர் விடாமல் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள். நான் என்னமோ தொணதொணப்பு என்று நினைத்துப் பேசிக்கொண்டு வந்தேன். இந்த மனுஷன் அதை வைத்து லோரி ஓட்டியிருக்கிறார்.

"பயப்படாத, உன் சத்தம் கேட்டா போதும் எனக்கு."

"நான் தும்முன நேரத்துல என்ன பண்ணியிருப்பீங்க?"

சாவியை நான் எடுத்துக்கொண்டேன். லோரியை அங்கேயே விட்டுவிட்டு வாடகைக் கார் பிடித்து வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு அவர் ஓட்டுவதை நிறுத்தியவர்தான். முதலாளியிடம் உடம்பு சரியில்லை என்று சொன்னோம், அது பொய்யும் இல்லை. நான் லைசன்ஸ் எடுக்கும்வரை வேறு லோரியை வைத்துப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொன்னார். ரொம்ப நாள் முடியாது என்றும் சொன்னார்.

அதற்கப்புறம் எனக்கு வெட்கம், மானம் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. கிளாஸ் இருக்கிறதோ இல்லையோ, தினமும் பள்ளிக்குப் போய் உட்கார்ந்தேன். யார் வரவில்லையோ அவருடைய டர்ன் எனக்கு. மழை வந்து எல்லோரும் கிளம்பிய ஒரு நாள் நான் மட்டும் நகரவில்லை.

"மழையில லோரி ஓடாதா சார்?"

"அக்கா, கண்ணாடியெல்லாம் மங்கலா இருக்கும்."

"மங்கலாவே பழகிக்கிறேன். ஏறுங்க. கைய மட்டும் மடியில வச்சுக்குங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு ஏறினார். அன்றிலிருந்து மழை நாட்களில் அந்த ஈரத் திடல் முழுக்க எனக்கே. நான் கம்பத்தைச் சாய்த்தேன், குடையைப் பிடித்துக்கொண்டு நானே இறங்கி நிமிர்த்தினேன், மறுபடியும் சாய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்குக்குப் போவதையும் விடவில்லை. பின்னால் நின்று சொல்ல ஆள் இல்லாததால், கொஞ்சம் கோஸ்தான் போவேன், பிரேக் போட்டு இறங்கிப் போய் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பேன், திரும்ப ஏறுவேன். அந்த உயரத்துக்கு ஏறி இறங்கியே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அவர் நிழலில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். இரவில் என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். அந்தத் தைல வாசனையில் எத்தனையோ நாள் சாப்பிடாமலேயே தூங்கிப் போனேன்.

முதல் டெஸ்ட்டில் மேட்டில் லோரி பின்னால் உருண்டுவிட்டது, தோற்றேன். அடுத்ததில் தேறினேன். சரக்கு லைசன்ஸுக்கான வகுப்பையும் முடித்தேன். பள்ளிக் கேட்டுக்கு வெளியே நின்றிருந்த என் கணவரிடம் "கெடச்சிருச்சுங்க" என்றேன். "ம்" என்று என் தோளைத் தட்டினார். கொண்டாட இரண்டு பேருக்கும் தெம்பில்லை. வழியில் ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

முதல் சரக்கு மஸ்ஜித் இந்தியாவுக்கு. அவரும் கூட வந்தார். நான் இடதுபக்க லேனை விட்டு நகரவே இல்லை. ஊர்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். வலது பக்கம் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவர் மடியில் கையைக் கோத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். பல வருஷம் அவர் ஓட்டிய சாலை. ஒவ்வொரு மேம்பாலமும் அவருக்கு அத்துப்படி, அவருக்குத் தெரியாததா என்று நான் என் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏய்" என்றார் மெதுவாக. "இப்ப எங்க இருக்கோம்?"

"பெட்டாலிங் ஜெயா வந்தாச்சுங்க" என்றேன்.

கண் நிறைந்துவிட்டது. ஒரு கையை எடுத்துத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு இன்னும் லோரி பழகியிருக்கவில்லை.