மால்ப்லாகே சேற்றில் கிடந்த ரொட்டி

வோத்ரூ வாய்க்காரி என்று பிரான்சின் வட எல்லையில் இருக்கும் பெல்ஃபே ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அவள் மட்டும் இல்லையென்றால் அந்த வருஷமே நம் ஊர் காலியாகியிருக்கும் என்றும் அதே ஆட்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தாள், கடைசிவரை யாருக்கும் பயப்படவில்லை. புருவ முடி பாதி கருகியிருக்கும், முன்கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். அடுப்படியிலேயே வளர்ந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

ஊரில் மொத்தம் பதினெட்டு வீடு, ஒரே ஒரு ரொட்டி அடுப்பு. அதுவும் பிரபுவுக்குச் சொந்தம். அவரவர் வீட்டில் ரொட்டி சுட்டுக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். பிசைந்த மாவை அடுப்புக்காரியிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கூலியாக ஒரு கை மாவையும் விட்டுப்போக வேண்டும். அப்பாவுக்குப் பிறகு வோத்ரூதான் அடுப்புக்காரி. எல்லார் ரொட்டியும் ஒன்றாக வேகுமே, எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்காக மாவின் மேல் வீட்டுக்கு ஓர் அடையாளம் கீறுவார்கள். ஒரு வீட்டுக்குக் கோழிக்கால், இன்னொரு வீட்டுக்கு ஏணி. அவளுடைய தம்பி மனைவி ஜோசின் வீட்டுக்கு இரண்டு வளையம். எழுதப் படிக்கத் தெரியாத ஊருக்கு அதுதான் கையெழுத்து.

ஆயிரத்து எழுநூற்று ஒன்பதாம் வருஷத்துக் குளிரை அனுபவித்தவர்கள் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். ஜனவரியில் ஒரே ராத்திரியில் ஆறு உறைந்தது. மண்ணுக்குள் இருந்த கோதுமைப் பயிர் வேரோடு செத்தது. வோத்ரூவின் தம்பி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மே மாதம் அவனுடைய மூத்த பிள்ளையும் போனது. பட்டினியில் போனது என்று நேராகவே சொல்கிறேன், எனக்கு என்ன பயம்? மிச்சம் இருந்தது ஜோசினும் ஐந்து வயது மகள் ரெனெலும்தான். காட்டுக் கிழங்கையும் கீரையையும் வேகவைத்துத் தின்று, வசந்தத்தில் விதைத்த பார்லி விளையும்வரை ஊர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் பார்லி வீட்டுக்கு வந்தது. அடுத்த அறுப்புவரை ஊர் பிழைத்துக் கிடக்க அது ஒன்றுதான் வழி.

அதையும் எடுத்துப்போக வந்துவிட்டார்கள், படுபாவிகள்!

செப்டம்பர் ஒன்பதாம் தேதி பிரெஞ்சுப் படையின் தானிய அதிகாரி குதிரையில் வந்து இறங்கினார். எதிரிப் படை நெருங்கிவிட்டதாம், பக்கத்து மால்ப்லாகேயில் பெரிய சண்டை வரப்போகிறதாம், சிப்பாய்கள் பட்டினி கிடக்கிறார்களாம். பதினெட்டு வீட்டுப் பார்லியும் அடுப்படிக்கு வந்து சேர வேண்டும் என்றார். மூட்டைகள் வந்து சேர்ந்ததும் வோத்ரூ அவர் குதிரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"துரை, நாலு மூட்டையை மட்டும் விட்டுட்டுப் போங்க. இங்க புள்ளைங்க இருக்கு."

"முதல்ல நாடு, அப்புறம்தான் புள்ளைங்க."

"நாடுன்னா யாரு துரை? நாங்க இல்லையா?"

"இந்தா பொம்பளை, அங்க நிக்கறவனுங்க பல்லுல சோறு பட்டு ரெண்டு நாளாச்சு. ஒரு ரொட்டின்னா ஒரு உசிரு. சுடுவியா, மாட்டியா?"

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைச் சாய்த்தது. பட்டினி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரி, அவனும் எவளோ ஒருத்தி பெற்ற பிள்ளைதானே என்று அடுப்பை மூட்டினாள். இரண்டு நாள் அடுப்பு அணையவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் பிசைந்தார்கள். ஜோசின் ஓர் உருண்டை மாவை இடுப்புத் துணிக்குள் மறைத்தாள், ரெனெலுக்காக. அதிகாரி பார்த்துவிட்டு, கையிலிருந்த பிரம்பால் அவள் கன்னத்திலேயே இழுத்தார். ஒரு உருண்டை மாவுக்கு!

இன்னொரு கூத்தும் நடந்தது. படைக்குச் சுடும் ரொட்டி என்பதை மறந்து, கைப்பழக்கத்தில் அவரவர் வீட்டு அடையாளத்தை அவரவர் கீறிவிட்டார்கள். கோழிக்காலும் ஏணியும் வளையமுமாக நூற்றுக்கணக்கான ரொட்டிகள் அடுப்பிலிருந்து வெளியே வந்தன.

"என்ன கிறுக்கல் இது?" என்றார் அதிகாரி.

"எங்க ஊரு ரொட்டின்னா இப்படித்தான் இருக்கும். ருசி ஒண்ணும் மாறாது, எடுத்துட்டுப் போங்க."

பதினொன்றாம் தேதி காலையில் ரொட்டி ஏற்றின வண்டிகள் கிளம்பின. ஒன்றை வோத்ரூவே ஓட்டினாள். பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாத பனிமூட்டம். வரிசை வரிசையாக நின்ற சிப்பாய்களுக்கு ரொட்டியைக் கொடுத்து முடித்து வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது முரசு அதிர்ந்தது. பனிக்குள்ளிருந்து கூச்சல் வந்தது. அடுத்த நொடி, தொப் தொப்பென்று ரொட்டிகள் சேற்றில் விழுந்தன. அவள் கண்ணெதிரே! இப்போதுதான் கொடுத்த ரொட்டி, சூடுகூட ஆறாத ரொட்டி. அதன்மேலேயே மிதித்துக்கொண்டு வரிசைகள் நகர்ந்தன.

"அடப்பாவிகளா! எடுங்கடா அதை! எங்க வாயிலேர்ந்து பிடுங்கினதுடா அது!"

பீரங்கிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அவள் வண்டியிலிருந்து குதித்தாள். முழங்கால் சேற்றில் புதைய, கைக்குக் கிடைத்ததையெல்லாம் பொறுக்கி வண்டியில் போட்டாள். குதிரைமேல் வந்த காவலன் ஒருவன், "ஏய், அது அரசர் ரொட்டி, கை வெக்காதே!" என்று கத்தினான். பக்கத்தில் ஒரு குண்டு விழுந்தது, குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டான். அவள் நகரவில்லை. வண்டி பாதி நிறைந்த பிறகுதான் காட்டுப் பாதை வழியாக வீடு திரும்பினாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் ஊரே கூடிச் சேற்றைச் சுரண்டியது. சேற்றுக்குக் கீழே அடையாளம் தெரிந்தது. இது உன்னுடையது, இது அவளுடையது என்று வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டார்கள். ஜோசின் தன் வளையத்தைக் கண்டுபிடித்துவிட்டு அழுதாள். அவள் கன்னத்தில் பிரம்புத் தழும்பு கறுத்திருந்தது. அன்றைக்கு ஒரு வாய் தின்று, மிச்சத்தையெல்லாம் வோத்ரூ துண்டு போட்டு மறுபடி சுட்டு ரஸ்க்காக்கினாள். அப்படியே விட்டால் பூசணம் பிடிக்கும். ரஸ்க் என்றால் வசந்தம்வரை தாங்கும். மூட்டை கட்டி அடுப்பு மச்சில் ஏற்றினாள். கஞ்சிக்குள் ஆளுக்கு ஒரு துண்டு என்று அளந்து போட்டால் ரெனெல் குளிர்காலத்தைத் தாண்டிவிடுவாள்.

சண்டையை எந்தப் பக்கம் ஜெயித்தது என்று எங்களைக் கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கில் பிணம் விழுந்தது. குழி வெட்ட எங்கள் ஆட்களைத்தான் இழுத்துப்போனார்கள். வோத்ரூ மட்டும் அந்தச் செத்தவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "பசிக்குதுன்னு வாங்கிட்டுச் சேத்துல போட்டவனுங்க. நல்லா இருப்பானுங்களா?" என்று ஐந்து வாரம் சபித்துத் தீர்த்தாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடியும் நேரத்தில் பங்குச் சாமியார் ஒரு காகிதத்தைப் பிரித்தார். மேலிடத்திலிருந்து வந்ததாம், எல்லாக் கோயிலிலும் வாசிக்க வேண்டுமாம். "பட்டினி கிடந்த நம் வீரர்கள், போர் முரசு கேட்டதும் ஆனந்தத்தோடு கையிலிருந்த ரொட்டியைக் குப்பையென வீசியெறிந்து களம் புகுந்தனர்" என்று இருந்தது அதில். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதற்கு அழுதார்களோ! வீசியது யார் வீட்டு ரொட்டி என்று அவர்களுக்குத் தெரியாதா?

வோத்ரூ வாயைத் திறப்பதற்குள் கோயில் கதவு திறந்தது. அதே தானிய அதிகாரி, பின்னால் நான்கு சிப்பாய்கள். அவர்கள் கொண்டுவந்து வாசலில் போட்டவை அடுப்பு மச்சிலிருந்த ரஸ்க் மூட்டைகள். ரெனெல் அவற்றைப் பார்த்துவிட்டு அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"போர்க்களத்துல அரசர் ரொட்டி திருடு போயிருக்கு. காவலன் கண்ணால பார்த்திருக்கான். வோத்ரூ யாரு?"

"நான்தான். ரெண்டு நாள் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே நின்னீங்களே, அதுக்குள்ள மறந்துபோச்சா?"

"திருட்டை ஒத்துக்கறியா?"

"சேத்துல கிடந்ததை எடுத்தேன்."

"எங்க கிடந்தாலும் அரசர் பொருள் அரசர் பொருள்தான். மூட்டை படைக்கு, உனக்குத் தூக்கு."

ஜோசின் "அண்ணி!" என்று அலறினாள். வோத்ரூ அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாமி, அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை படிங்க."

"வேணாம்மா, சும்மா இரு. ஏன் வம்பு?" என்றார் சாமியார்.

"படிங்க சாமி!" என்றார்கள் பின்னாலிருந்து. ஒருவர் இருவர் அல்ல, கோயிலே சொன்னது. அவர் படித்தார். குப்பையென வீசியெறிந்து என்ற இடத்தில் வோத்ரூ கையைத் தூக்கினாள்.

"அங்கயே நிறுத்துங்க. குப்பைன்னு வீசினாங்களாம், அதுக்கு இவ்வளவு பாராட்டாம். குப்பையைப் பொறுக்கினவளுக்குத் தூக்கா? இல்ல, அது குப்பையில்ல, திரும்பி வந்து தின்னலாம்னு வெச்சுட்டுப் போனதுன்னா, இந்தக் காகிதம் பொய். எது துரை? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

அதிகாரியின் முகம் சிவந்தது. நான்கு சிப்பாய்களில் தாடி நரைத்த ஒருவனைப் பார்த்து விரலைச் சொடுக்கினார்.

"நீ அன்னைக்கு அங்க நின்னவன்தானே? சொல்லு. அப்புறம் எடுத்துக்கலாம்னு வெச்சுட்டுத்தானே போனீங்க?"

அந்த ஆள் மூட்டைகளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"இல்லீங்க. வெக்கவும் இல்ல, வீசவும் இல்ல. வரிசைல நிக்கறப்ப கையில துப்பாக்கி மட்டும்தான் இருக்கணும்னு சார்ஜென்ட் ஈட்டிக்கம்பால மணிக்கட்டுலயே அடிச்சாரு. எல்லாரையும்தான் அடிச்சாரு. நாலு நாளைக்கப்புறம் பார்த்த ரொட்டிங்க, யாருங்க வீசுவாங்க? நான் ஒரு வாய் கடிச்சேன். எனக்குப் பக்கத்துல நின்னவன் அதுகூட இல்ல. அரை மணியில செத்துட்டான், வெறும் வயித்தோட."

அரசர் முத்திரை குத்திய காகிதத்தைத் தன் சிப்பாயே கோயிலுக்குள் நின்று பொய் என்கிறான். அது மேலே தெரிந்தால் முதலில் போவது அதிகாரியின் தலைதான்.

"வாயை மூடுடா! வீசினீங்க! சந்தோஷமா வீசினீங்க! எழுதியிருக்கில்ல?"

"அப்போ வீசினது நிஜம்தானே துரை?" என்றாள் வோத்ரூ.

அவர் சாமியாரைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார்.

"ஆமா, நிஜம்தான்" என்று முணுமுணுத்தார். பிறகு மூட்டைகளைத் தாண்டி வெளியே போய்க் குதிரையைப் பிடித்துக்கொண்டார்.

ஜெயித்துவிட்டாள். தூக்கும் இல்லை, மூட்டைகளும் ஊருக்கே. ஜோசின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வோத்ரூ சிரிக்கவில்லை. ஐந்து வாரமாகத் தான் யாரைச் சபித்தாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபம் தணிந்ததா? அதுதான் இல்லை. அது இடம் மாறியது, இரண்டு மடங்கானது.

"இதை எழுதினவன் அன்னைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டவன்" என்று சாமியார் கையிலிருந்த காகிதத்தைக் காட்டிச் சொன்னாள், கோயில் முழுக்கக் கேட்கும்படி.

பிறகு வாசலுக்குப் போய் ஒரு மூட்டையை அவிழ்த்தாள். ஒரு ரஸ்க்கை எடுத்து அந்த நரைத்த தாடிக்காரனிடம் நீட்டினாள். அவன் வெளியே நின்ற அதிகாரியைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் பக்கம் பார்க்காதீங்கண்ணே, சாப்பிடுங்க. இங்க எவன் உங்க கையை அடிக்கறான்னு நான் பார்க்கறேன்."

அவன் கோயில் படியிலேயே உட்கார்ந்து தின்றான். மெல்ல வெகுநேரம் ஆயிற்று, ரஸ்க் அவ்வளவு கெட்டி. அவன் கையில் ஒட்டிய கடைசித் தூளை நக்கி முடிக்கும்வரை ஊரில் ஒருவரும் கோயிலைவிட்டு நகரவில்லை. அதிகாரியும் வெயிலில் குதிரையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.